கருத்தையாவின் பெல்ட் வில்லை

ராஜபாளையத்தில் நூல் மில் ஃபிட்டராக இருக்கும் சாம்சன், இருபது வருஷமாகப் பழைய பட்டாளச் சாமான்களைச் சேர்க்கிறார். தொப்பிச் சின்னம், தோளில் குத்துகிற பித்தளை எழுத்து, பெல்ட்டின் முன்னால் பூட்டுகிற வில்லை. அப்படி எது வந்தாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பழைய சாமான் கடைக்காரர் அவருக்குப் போன் போட்டுவிடுவார்.

போன ஆவணியில் ஒரு தகர டப்பா வந்தது. வத்திராயிருப்பில் இடித்த வீட்டுச் சுவருக்குள் இருந்ததாம். உள்ளே ஒரு பெல்ட் வில்லை. பின்பக்கம் ‘கருத்தையா’ என்று ஆணியால் கீறியிருந்தது. அடியில் 1946-இல் எழுதிய ஒரு கடுதாசி.

‘அக்காவுக்கு, உங்கள் வீட்டுக்காரர் பர்மாவில் காய்ச்சல் கண்டு, முந்தின வருஷம் ஐப்பசி பதினொன்றாம் தேதி காலமாகிவிட்டார். என் கையால்தான் அடக்கம் செய்தேன். வில்லையை அனுப்பியிருக்கிறேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும்.’

பேரும் கடுதாசியும் சேர்ந்து கிடைப்பது லேசில் நடக்காது. ஆனாலும் அதைத் தன் பலகையில் மாட்ட சாம்சனுக்கு மனசு வரவில்லை. விசாரித்துக்கொண்டு வத்திராயிருப்புக்கு பஸ் ஏறினார்.

கருத்தையாவின் ஒரே மகள் முத்தாத்தாள். எண்பத்துநாலு வயசு. அந்தப் பழைய வீட்டை இடித்ததிலிருந்து தன் மகள் நாகஜோதி வீட்டில் இருந்தாள்.

“ஒங்கய்யா சாமான், பெரியம்மா. அவர் இறந்தப்போ வந்தது” என்றார் சாம்சன்.

“இறந்தப்பவா? எங்கய்யா காணாமத்தான போனாக?”

சாம்சன் டப்பாவை மூடப் போனார். அதற்குள் நாகஜோதி கடுதாசியை வாங்கிச் சத்தமாகப் படித்துவிட்டாள்.

“எங்கம்மாவுக்கு எழுத்துத் தெரியாதே. யார்கிட்டக் குடுத்து வாசிச்சா?” என்றாள் முத்தாத்தாள். பொறவு அவளே சொன்னாள்.

“எனக்கு அஞ்சு வயசிருக்கும். ஒருநா அம்மா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்தே போயிட்டு வந்தா. மூணு நாள் எந்திரிக்கல. கேட்டா கால் வலின்னா. நாலாம் நாள் குளிச்சிட்டு, குங்குமம் வச்சுக்கிட்டு நடவுக்குப் போயிட்டா.”

சாகும்வரை அந்தக் குங்குமம் அழியவில்லை. சுமங்கலி என்று பூ வைத்துத்தான் ஊர் அவளை எடுத்தது. கேட்கும்போதெல்லாம் “வருவாக” என்றுதான் மகளிடம் சொன்னாள்.

“எனக்குத் தாலி கட்டும்போதுகூட வாசலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, தம்பி?”

“சின்னப்பிள்ளைன்னு நெனச்சிருப்பாக.”

“அவ சாகும்போது எனக்கு நாப்பத்தஞ்சு வயசு.”

சாம்சனுக்கு இதைக் கொண்டு வராமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. டப்பாவை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தார்.

“ஐப்பசி பதினொண்ணுதான?” என்று கேட்டாள். “எங்கய்யாவுக்கு ஒரு வருஷங்கூட இலை போட்டதில்லையே. அன்னைக்கு வந்துருங்க தம்பி.”

போனார். அன்று நல்ல மழை. இலையில் சோறு வைத்து, சூடம் காட்டி முடிக்கிறவரை முத்தாத்தாள் அமைதியாகத்தான் இருந்தாள். திடீரென்று மாரில் அடித்துக்கொண்டு, “அய்யா!” என்று கத்தினாள். சத்தம் கேட்டு ஓடி வந்த தெருப் பெண்கள் யாருக்கு என்ன ஆச்சென்று பதறினார்கள்.

“எங்கய்யா செத்துட்டாக” என்றாள்.

யாரும் எப்போது என்று கேட்கவில்லை. ஒவ்வொருத்தியாக உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சாம்சன் இழவு வீட்டில் ஆண்கள் நிற்பதுபோல வாசலில், மழையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.