எந்தத் தோட்டம்?

"நான் இடுப்பில கட்டுற பச்சைக்கோட்டுச் சாரத்தை எங்கேயும் கண்டனீரோ?"

"அங்க மிளகாய் வாடுது, உங்களுக்குச் சாரமே இப்ப முக்கியம்? அலுமாரிக்குள்ள தேடுங்கோ."

"நாலு நாளாத் தேடுறன்."

"தேடவும் தெரியவேணும்."

கணவர் கதிர்காமநாதனுக்கு இதைச் சொல்லிவிட்டுத்தான் சிவலட்சுமி நெடுங்கேணியில் விடியற்காலை பஸ் ஏறினாள். பைக்குள் மெசினின் புத்தகம் இருந்தது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதற்கு மெசின் என்று பெயர். தைக்கிறதென்றால் தையல் மெசின், அரைக்கிறதென்றால் அரைக்கிற மெசின். வெறும் மெசின் என்றால் அது இறைக்கிறதுதான். இதை நெடுங்கேணியில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

சண்டை நின்று ஊர் திரும்பியவர்களுக்கு தொண்டு நிறுவனம் ஒன்று கொடுத்த புது மெசின். நான்கு நாளாகச் சத்தம் மட்டும் போடுகிறது, தண்ணீர் எடுக்கவில்லை. ஆயிரத்து இருநூறு மிளகாய்க் கன்றும் பூவோடு நிற்கின்றன. வாளியால் அள்ளி ஊற்றியதில் கதிர்காமநாதனுக்கு இடுப்பில் நாரி பிடித்துக்கொண்டது. மெசின் திருத்துகிற நடராசா வந்து நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"இதை நான் கழட்டினா நிறுவனக்காரர் பிறகு திரும்பியும் பாக்கமாட்டினம். புத்தகத்தில ஒரு இன்ரநெற் விலாசம் கிடக்கு. என்ன பிழை எண்டாலும் அதில தேடினா பதில் வருமாம். வவுனியாவுக்குப் போய்த் தேடுங்கோ."

"மிளகாய் அதுவரைக்கும் நிக்குமே?"

"நாளைக்கு நிக்கும். நாளையிண்டைக்கு விறகு."

ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இரண்டு தரம் இறங்கி ஏறி, வவுனியாவில் லதீபாவின் கொம்யூனிகேசன் கடைக்குள் சிவலட்சுமி நுழைந்தபோது பதினொரு மணி. கடையில் ஒரு கொம்பியூட்டர், ஒரு தொலைபேசி, இரண்டுக்கும் ஒரே லைன். சுவரோரக் கதிரையில் வீரையா இருந்தார். செட்டிகுளத்துக்காரர், எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். குவைத்தில் இருக்கும் மகள் பதினொன்றரைக்குக் கோல் எடுப்பாள் என்று காத்திருந்தார்.

"என்ன தேடணும் அக்கா?" என்றாள் லதீபா.

"மெசின் தண்ணி எடுக்குதில்லை."

லதீபா அந்த விலாசத்தை அடித்தாள். பக்கம் மேலிருந்து கீழாக, வேட்டி விரிக்கிற மாதிரி மெல்ல மெல்ல விரிந்தது. தேடுகிற பெட்டிக்குள் ஆங்கிலத்தில், சொல்லுக்குச் சொல், அப்படியே போட்டாள்: மெசின் தண்ணீர் எடுக்கவில்லை.

"வந்திட்டுது அக்கா! முந்நூற்றுப் பன்னிரண்டு பதில்."

"முந்நூறோ? எனக்கு ஒண்டு காணும்."

முதலாவது பதிலில் ஒரு படம். வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தி வெள்ளைப் பெட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவ ஆர்?"

"இது உடுப்புத் தோய்க்கிற மெசின் அக்கா."

"அவவுக்குத் தண்ணி வந்திட்டுது, அதுதான் சிரிக்கிறா. எனக்கெங்க?"

"இந்தக் கொம்பனி எல்லாத்தையும் செய்யுது போல. வேற மாதிரிச் சொல்லுங்க."

"காத்து இழுக்குது எண்டு நடராசா சொன்னவர்."

லதீபா அதையும் போட்டாள். தரை கூட்டுகிற மெசின் வந்தது.

"அது காத்தைத்தானே இழுக்கவேணும்! அதில என்ன பிழை?"

"தூசு இழுக்குதில்லையாம்."

"எங்கட முத்தத்தில வந்து இழுக்கச் சொல்லு. இஞ்ச, மிளகாய்க்குத் தண்ணி விடுற மெசின் எண்டு முழுசாப் போடு பிள்ளை."

முழுசாகப் போட்டதற்கு மிளகாய் அரைக்கிற மெசின் வந்தது. சிவலட்சுமி திரையைக் கிட்டப்போய்ப் பார்த்தாள்.

"மிளகாய்க் கண்டே காயுது, இவன் தூள் இடிக்கிற கதை கதைக்கிறான்."

கதிரையிலிருந்து ஒரு செருமல் கேட்டது. "தங்கச்சி, நீங்க எந்திரிச்சாத்தான் என் மக பேசுவா. நீங்க இதுல இருந்தீங்கன்னா அவளுக்கு லைன் கெடைக்காது."

"ஐயா, என்ர மிளகாய் சாகுது."

"சாகட்டும்னு சொல்லலீங்க. வெரசாத் தேடுங்கன்னு சொல்றேன்."

லதீபா திரையின் இடப்பக்கத்தைக் காட்டினாள். "இதில சின்னச் சின்னப் பெட்டி இரிக்கி அக்கா. எந்தப் பகுதி எண்டு தெரிவு செஞ்சா மற்றதெல்லாம் போயிடுமாம். நாடு, வகை... நாட்டில எங்கட நாடு இல்ல."

"இல்லையோ? அப்ப மெசினை எப்பிடி இஞ்ச அனுப்பினவை?"

"வகையப் பாப்பம். குசினி, குளியலறை, உடுப்புத் தோய்ப்பு, தோட்டம்..."

"அதுதான்! தோட்டம்! அமத்து பிள்ளை. தோட்டம் எண்டு தெளிவாத்தானே போட்டிருக்கிறாங்கள், நாங்கள் கண்ணைக் குசினியில வைச்சுக்கொண்டு இருந்திட்டம்."

லதீபா அமத்தினாள். குசினி போனது, சிரித்தவள் போனாள். புல் வெட்டுகிற மெசின் வந்தது. பிறகு கல் தவளையின் வாயிலிருந்து தண்ணீர் பாய்கிற ஒன்று வந்தது.

"இது என்ன தவளை?"

"அழகுக்கு, வடிவுக்கு வைக்கிறது."

"வடிவுக்கோ? தண்ணியை வடிவுக்கே ஊத்துறாங்கள்?" சிவலட்சுமி மேசையில் தட்டினாள். "தோட்டம் எண்டு போட்டு ஒரு மிளகாய்க் கண்டுகூட வைக்கேல்லையே. இது என்ன தோட்டம்?"

வீரையா எழுந்து வந்துவிட்டார். மணி பதினொன்று இருபது.

"நீங்க எந்தத் தோட்டத்தச் சொல்றீங்க?"

"தோட்டத்தில எந்தத் தோட்டம்? மிளகாய், வெங்காயம், கத்தரி. அதுதானே தோட்டம்."

"எங்களுக்குத் தோட்டம்னா தேயில. இந்த வெள்ளக்காரனுக்கு ரெண்டும் இல்ல. தொர பங்களாவுக்கு முன்னால புல்லு வெட்டி, பூ வச்சு, தொட்டி கட்டியிருப்பாங்கல்ல, அதுதான் அவனுக்குக் கார்டன். எங்கப்பா அந்தப் புல்ல இருவது வருசம் வெட்டுனாரு. நீங்க செய்றது பார்ம். அந்தப் பெட்டி இருக்கான்னு பாருங்க புள்ள."

லதீபா கீழே கீழே போனாள். கடைசியில், நாய் பூனைச் சாமான்களுக்கும் கீழே, அந்தப் பெட்டி இருந்தது.

"இரிக்கி ஐயா!"

"போடுங்க. அப்புறம் மெசின் மெசின்னு போடாதீங்க, அவனுக்கு எல்லாமே மெசின்தான். பம்புன்னு போடுங்க."

முந்நூற்றுப் பன்னிரண்டு, ஐந்தாகச் சுருங்கியது. முதலாவதே சிவலட்சுமியின் மெசின். அதே சிவப்பு, அதே கைபிடி. சொந்தக்காரரைச் சந்தையில் கண்டதுபோல அவள் திரையைத் தொட்டாள்.

"ஓடுது, ஆனா தண்ணி வரேல்ல எண்டு தலைப்பே இரிக்கி அக்கா. வாசிக்கிறன். ஒண்டு: எண்ணெய் இரிக்கா எண்டு பாக்கவும்."

"அதுகூடத் தெரியாமலே ஓமந்தை தாண்டி வந்தனான்?"

"ரெண்டு: தொடங்க முந்தி பம்புக்குள்ள தண்ணி நிரப்பவும்."

"குடம் குடமா ஊத்தினனாங்கள். அடுத்தது."

"மூண்டு: குழாய் பூட்டுற இடத்தால காத்துப் போகுதா எண்டு பாக்கவும்."

"நடராசா சவர்க்காரம் பூசிப் பாத்தவர். உதெல்லாம் ஊருக்கே தெரிஞ்ச கதை பிள்ளை. தெரியாததை வாசி."

"நாலு: கிணத்துக்குள்ள இறங்குற குழாய்ட நுனியில, துணி, இலை, குப்பை ஏதும் அடைச்சிரிக்கா எண்டு பாக்கவும்."

சிவலட்சுமியின் விரல் திரையிலிருந்து இறங்கியது.

"அக்கா?"

"திருப்பி வாசி."

"துணி, இலை, குப்பை..."

"துணி எண்டே கிடக்கு?"

"துணிதான் முதல்ல கிடக்கு."

வீரையா அவள் முகத்தைப் பார்த்தார். "என்னாம்மா, துணி இருக்கா?"

"குழாய்க்குள்ள தவளைக்குஞ்சு, வால்பேத்தை ஏறுது எண்டு... நான்தான் கட்டினனான். ரெண்டு மடிப்பா. முதல் கொஞ்சம் தண்ணி வந்தது."

"அப்புறம் பாசி புடிச்சிருக்கும். இத வீட்டுக்காரரு பாக்கலையா?"

"அவருக்கு நாரி பிடிச்சுக் கிடக்கு. நடராசா மேலதான் பாத்தவர், குழாயைத் தூக்கேல்லை. நானும் மறந்துபோனன். குசினிக் கொடியில கிடந்த பழந்துணி ஒண்டு, பச்சைக்கோடு போட்ட..."

அவள் அந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லதீபா கவனிக்கவில்லை. "கீழ கேக்குது அக்கா, இந்தப் பதில் உங்களுக்கு உதவிச்சுதா எண்டு."

"ஓம் எண்டு அமத்து."

"கருத்தும் எழுதலாமாம்."

"தோட்டம் எண்டா என்னெண்டு முதல்ல தெரிஞ்சுகொண்டு பெட்டி வைக்கச் சொல்லி எழுது. துணிக் கதை வேண்டாம்."

லதீபா எழுதி அனுப்பி லைனை விட்டதுதான் தாமதம், தொலைபேசி அலறியது. வீரையா பாய்ந்து எடுத்தார்.

"ஆமாம்மா, அப்பாதான்! ரொம்ப நேரமா எடுக்கிறியா? லைனுல மொளகா காஞ்சுக்கிட்டு இருந்துச்சும்மா... இல்ல, மொளகா... அது பெரிய கத, நீ மொதல்ல சாப்புட்டியான்னு சொல்லு."

சிவலட்சுமி அவருக்குக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

வீடு சேர்ந்தபோது வெயில் சரிந்துவிட்டது. பையை வைக்காமலே கிணற்றடிக்குப் போய்க் குழாயை இழுத்தாள். பாசி பிடித்து, சேற்றில் ஊறி, துணி என்றே தெரியாத ஒன்றை நுனியிலிருந்து அவிழ்த்தாள். மெசினுக்குள் ஒரு குடம் ஊற்றிக் கயிற்றை இழுத்தாள். மெசின் இருமியது, குமுறியது, பிறகு ஒரு கைப் பருமனில் தண்ணீர் வாய்க்காலுக்குள் விழுந்தது.

கதிர்காமநாதன் நாரியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"வந்திட்டுதே! இன்ரநெற்றில என்ன பிழையாம்?"

"குழாயில அடைப்பாம்."

அவர் நிலத்தில் கிடந்ததைத் தடியால் கிளறினார். பாசிக்குள்ளிருந்து ஒரு பச்சைக்கோடு எட்டிப்பார்த்தது. மறுபடி கிளறினார். இன்னொரு கோடு.

"சிவலட்சுமி! இது என்ர சாரமல்லோ! அலுமாரிக்குள்ள தேடச் சொன்னீர்!"

"நீங்கள் உடுப்பு எண்ட பெட்டிக்குள்ள தேடினியள்," என்றாள் அவள், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு. "தோட்டம் எண்ட பெட்டிக்குள்ள தேடியிருக்கவேணும்."

மெசின் சத்தத்தில் அவர் அதற்குச் சொன்னது கேட்கவில்லை. தண்ணீர் முதல் பாத்திக்குள் நுழைந்துவிட்டது. அவள் வாய்க்காலை வெட்டி இரண்டாம் பாத்திக்குத் திருப்பினாள்.