நூற்று இருபத்தொன்பது சென்டிமீட்டர்

தலைமை ஆசிரியர் சகாதேவனுக்கு வருஷத்துக்கு ஒன்றையாவது திறந்து வைக்காவிட்டால் தூக்கம் வராது. போன வருஷம் பள்ளி வாசலில் தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் இன்னும் வரவில்லை. கல்வெட்டு மட்டும் பளபளக்கிறது. இந்த வருஷம் கார்பனேட் அயனியின் பெரிய மாதிரி.

"நம்ம ஊர் ஏரி முழுக்கக் கிளிஞ்சல். கிளிஞ்சல்னா கால்சியம் கார்பனேட். டச்சுக்காரன் கோட்டை கட்டினதே நம்ம ஊர்ச் சுண்ணாம்புலதான்" என்றார். ஆதாரம் கேட்டால் அவருக்குக் கோபம் வரும் என்பதால் வேதியியல் ஆசிரியை காந்தா கேட்கவில்லை.

திட்டம் இதுதான்: நடுவில் கார்பனுக்கு ஒரு கருப்புப் பந்து, சுற்றிலும் ஆக்சிஜனுக்கு மூன்று சிவப்புப் பந்துகள். எல்லாம் மீன் வலையில் கட்டும் மிதவைகள். இரும்புக் குழாயால் இணைத்துச் சுவரில் மாட்ட வேண்டும். விழாவுக்கு வரும் கல்வி அதிகாரி கையால் ஒரு சுற்றுச் சுற்றித் திறந்து வைப்பார். நிஜ அயனியின் ஒரு பிக்கோமீட்டருக்கு மாதிரியில் ஒரு சென்டிமீட்டர் கணக்கு.

சகாதேவன் நீட்டிய தாளில் இரண்டு ஒற்றைக் குழாய்கள் 143, ஒரு இரட்டைக் குழாய் 122 என்று இருந்தது.

"சார், கார்பனேட்ல மூணு பிணைப்பும் ஒரே நீளம். நூத்தி இருபத்தொன்பது."

"புத்தகத்துல ஒண்ணுக்கு மட்டும் ரெட்டைக் கோடு போட்டிருக்கானே?"

"மூணு படம் போட்டிருக்கு சார். ஒவ்வொண்ணுலயும் ரெட்டைக் கோடு வேற வேற இடத்துல."

"அதான்! மாறி மாறித் தாவுது. அதுக்குத்தானே சுத்த விடறோம்!" தன் அறிவைத் தானே மெச்சிச் சிரித்தார்.

"தாவல சார். எப்ப அளந்தாலும் மூணும் ஒண்ணுதான். ஒரே படத்துல வரையத் தெரியாம நாமதான் மூணு வரையறோம். அதுக்குப் பேருதான் உடனிசைவு."

"இருபது வருஷம் புவியியல் நடத்தினவன் நான். எனக்கே பாடமா?"

காந்தா தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

தோணிரேவில் படகு நங்கூரங்களுக்கு வெல்டிங் வைக்கும் சிங்காரம் தாளில் உள்ளபடியே செய்து மாட்டினான். திறப்பு விழாவன்று காலை சுற்றிப் பார்த்தால், இரட்டைக் குழாய் கனத்தில் தொப்பென்று கீழே வந்து நின்றது. எத்தனை தடவை சுற்றினாலும் அதே கதை. சகாதேவனோ சால்வை வாங்கப் பொன்னேரிக்குப் போயிருந்தார்.

"இன்னா டீச்சர், குடிச்சவன் மாதிரி சாயுது?"

காந்தா அவனிடம் கொட்டித் தீர்த்தாள். "ரெட்டையில ரெண்டு குழாய், ஒத்தையில ஒண்ணொண்ணு. ஆக நாலு. அதை மூணு கைக்கும் சமமாப் பங்கு போட்டா, ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணேகால் குழாய்க்குக் கொஞ்சம் மேல. அதான் பிணைப்புத் தரம். தரம் கூடினா இறுக்கம் கூடும், நீளம் குறையும். ஒத்தையவிடக் குட்டை, ரெட்டையவிட நெட்டை."

சிங்காரம் தலையைச் சொறிந்தான். "முகத்துவாரத்துத் தண்ணி மாதிரினு சொல்லு. ஒரு கை அள்ளுனா கடலு, மறு கை அள்ளுனா ஆறுனா வருது? எங்க அள்ளுனாலும் ஒரே கலப்புத்தான்."

ஆறு வருஷமாக இந்தப் பாடத்தை நடத்துகிறவளுக்கு ஒரு நாளும் இது தோன்றவில்லை. அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

"அறுத்துடலாமா சிங்காரம்?"

"உன் எசமான் கத்துவாரே?"

"கத்தட்டும்."

நெட்டையை அறுத்து, குட்டையை ஒட்டி நீட்டியதில் மூன்று கையும் நூற்று இருபத்தொன்பது. ஒவ்வொன்றிலும் ஒரு குழாய், கூடவே மிச்சப் பங்குக்கு ஒரு சன்னக் கம்பி. சிவப்பு வர்ணம் காய்வதற்குள் சகாதேவன் சால்வையோடு வந்து இறங்கினார். பார்த்ததும் முகம் கருத்தது. "யாரைக் கேட்டு..." என்று ஆரம்பித்தவர், பின்னாலேயே அதிகாரியின் ஜீப் நுழைந்ததும் அப்படியே சிரிப்பாக மாற்றிக்கொண்டார்.

அதிகாரி அம்மாள் ஒரு தள்ளுத் தள்ளினார். அயனி ராட்டினம் போல வழுக்கிக்கொண்டு சுற்றி, நிதானமாக நின்றது. கைதட்டல் அடங்கியதும் கேட்டார்: "சார், இதுல எது இரட்டைப் பிணைப்பு?"

சகாதேவன் கண் காந்தாவைத் தேடியது. அவள் சும்மா இருந்தாலே போதும், மனுஷன் மூழ்கிவிடுவார். அந்த நினைப்பு அவளுக்கு வெல்லமாய் இனித்தது. இருந்தாலும் அவர் நெற்றி வேர்வையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"தனியா எதுவும் இல்லீங்க மேடம். மூணும் சமம்."

"அதைத்தான் ஒரு மாசமா இவங்ககிட்ட நான் தலைபாடா அடிச்சுக்கிட்டிருக்கேன்!" என்றார் சகாதேவன்.

சிங்காரம் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு சுவரின் பின்பக்கம் போனான். காந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காப்பாற்றியிருக்கவே கூடாது என்று சாயங்காலம் வரை தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் சகாதேவன் ஆசிரியர் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கையில் ஒரு நோட்டு. அதில் புத்தகத்தின் மூன்று படங்களையும் வரைந்திருந்தார், மூன்றிலும் அடித்தல் திருத்தல்.

"அப்ப இது மூணுமே பொய்யா?"

"அரைகுறை உண்மை சார்."

"அப்போ அது நெசமா எப்படித்தாம்மா இருக்கும்?"

கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற சகாதேவனை அவள் அதுவரை பார்த்ததில்லை. சாப்பாட்டு டப்பாவை ஓரமாய்த் தள்ளிவிட்டு, அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.