சோப்பு வைத்து அடைத்த பெட்ரோல் டேங்க்

பதிமூவாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். மேலப்புதூர் தைரியராஜ், பெயின்டர் பிச்சமுத்துவுக்குத் தரவேண்டிய பாக்கி அவ்வளவு. ஈஸ்டருக்குள் வீடு பளபளக்க வேண்டும் என்று விரட்டி விரட்டி வேலை வாங்கினார். முடித்த அன்று சுவரில் மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "பிரஷ் கோடு தெரியுதேய்யா" என்றார். அந்தக் கோட்டைக் காட்டியே நாலு மாதம் ஓட்டிவிட்டார்.

கூலி போனால் போகிறது என்று தலைமுழுகிவிடலாம். ஆனால் அதில் பாதிக்கு மேல் பெயின்ட் விலை. கடையில் பிச்சமுத்துவின் பேரைச் சொல்லித் தூக்கி வந்த டப்பாக்கள். "பழைய பாக்கியைக் கட்டிட்டு வாங்க, அப்புறம் டப்பாவுல கை வைங்க" என்று கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். டப்பா இல்லாத பெயின்டரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? ஐம்பது வயதுக்கு மேல் பிச்சமுத்து கொத்தனாருக்குக் கையாளாக மணல் சட்டி தூக்கப் போனான். ராத்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுக்கும்போதெல்லாம் தைரியராஜின் மூக்குதான் ஞாபகத்துக்கு வரும்.

கேட்கப் போகும்போதெல்லாம் அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "காரை விக்கப் போறேன்யா. வித்த உடனே மொதக் காசு உனக்குத்தான்."

கார் என்று அவர் சொன்னது ஷெட்டில் நின்ற ஒரு சின்ன வண்டியை. வாங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஷெட் கதவைத் திறந்தால் பெட்ரோல் பங்குக்குள் நுழைந்த மாதிரி குப்பென்று அடிக்கும். டேங்கின் அடியில் துருப்பிடித்து ஒரு கீறல். மாற்றியே ஆகவேண்டும் என்று மெக்கானிக் சொன்னான். தைரியராஜ் மெக்கானிக்கை மாற்றினார். இரண்டாவது மெக்கானிக்கும் அதையே சொல்ல, மெக்கானிக்குகளே திருடர்கள் என்று முடிவுகட்டி, கண்ணாடிக்குக் கீழே மல்லிகை வாசனை வரும் ஒரு டப்பியைத் தொங்கவிட்டார். அதற்கப்புறம் வண்டியில் மல்லிகைப்பூவைப் பெட்ரோலில் ஊறவைத்த வாசம் வந்தது.

யாராவது மூக்கைச் சுளித்தால் அவருக்குக் கோபம் வரும். "பசுமாட்டுகிட்ட போனா பால் வாசம் வராதா? பெட்ரோல் காருன்னா பெட்ரோல் வாசம்தான் வரும்."

பின்பக்கக் கதவு இரண்டும் உள்ளிருந்து திறக்காது. வெளியே யாராவது நின்று திறந்துவிட வேண்டும். அதையும் அவர் பெருமையாகத்தான் சொல்லுவார்: "புள்ளைங்க ஓடுற வண்டியில கதவைத் திறந்துடும் பாருங்க, அதுக்கு சேஃப்டி." சீட் பெல்ட்டைக் குறுக்கே போட்டுக்கொள்ளலாம், மாட்டத்தான் முடியாது. போலீஸ்காரர் கண்ணுக்குத் தெரிந்தால் போதாதா? ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் டிக்கியில் ஒரு செங்கல். ஒரு ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மற்றவர்களின் விண்ணப்பத்தில் ஒரு புள்ளி விடுபட்டாலும் திருப்பி அனுப்பியவர் என்று பேர்.

காரை விற்கப்போகிற செய்தி தெரிந்ததும் அவர் மனைவி பேட்ரிசியா டீச்சர் போய் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த மாதா படத்தைச் சுரண்டி எடுத்தார். "மாதாவாவது பத்திரமா இறங்கிக்கட்டும்" என்றார். ஞாயிறுதோறும் கோயிலுக்கு அந்த வண்டியில் போய்த் தலைவலியோடு திரும்பியவர் அவர்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு ஆள் மாட்டினார். அழகியமணவாளன் என்று பேர். உத்தர வீதியில் குடியிருந்துகொண்டு கல்யாணங்களுக்குச் சமையல் எடுத்துச் செய்பவர். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். சனிக்கிழமை தைரியராஜ் பிச்சமுத்துவைக் கூப்பிட்டனுப்பினார்.

"கறுப்புப் பெயின்ட் கொஞ்சம் வச்சிருக்கியாய்யா?"

"எதுக்கு சார்?"

"வண்டிக்கு அடியில அடிக்கணும். அதுக்கு முன்னாடி இதை வச்சு அடை." துணி துவைக்கிற சோப்பில் பாதியை நீட்டினார்.

லாரிக்காரர்கள் செய்கிற வேலைதான். டேங்கில் ஓட்டை விழுந்தால் சோப்பைப் பிசைந்து அப்பிவிட்டு, அடுத்த பட்டறைவரை ஓட்டிப்போவார்கள். பெட்ரோலில் சோப்பு கரையாது. ஆனால் அவர்கள் பட்டறைக்குப் போவதற்காக அப்பினார்கள். தைரியராஜ் விற்பதற்காக அப்பச் சொன்னார்.

"வாங்குறவங்க என்ன சார் ஆவாங்க?"

"அவங்க டேங்கை மாத்திக்குவாங்கய்யா. நாளைக்கு வண்டி கைமாறினா நாளைக்கே உன் காசு. உனக்கு வேணுமா, வேணாமா?"

வேணும். பிச்சமுத்து வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துச் சோப்பை அப்பி, மேலே கறுப்பு அடித்தான். நாலு மாதமாகத் தூக்கிய மணலை நினைத்துக்கொண்டே அடித்தான். வெளியே வந்ததும் தைரியராஜ் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல மட்டும் பிரஷ் கோடே தெரியலையே!" என்று சிரித்தார்.

மறுநாள் பிச்சமுத்துவும் கூடவே ஏறிக்கொண்டான். காசு கைமாறும் இடத்தில் தான் இல்லாவிட்டால் அது தன் கைக்கு வராது என்பது அவனுக்குத் தெரியும். பின் சீட்டில் உட்கார்ந்து, காவிரிப் பாலத்து நெரிசலில் கண்ணாடியை இறக்கி மூச்சு விட்டுக்கொண்டே போனான். ஸ்ரீரங்கத்தில் தைரியராஜ் இறங்கி, நாய்க்குக் கூண்டு திறக்கிற மாதிரி கதவைத் திறந்துவிட்ட பிறகுதான் அவனால் இறங்க முடிந்தது.

அழகியமணவாளன் நல்ல மனுஷர். காபி கொடுத்தார். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். "ஏசி ஓடுமோ?" என்று கேட்டார்.

"ஏசி செத்து ரொம்ப நாளாச்சுங்க. மறைக்க மாட்டேன். நான் எதையும் மறைக்கிற ஆளில்ல" என்றார் தைரியராஜ். பிச்சமுத்து காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டான்.

விலை படிந்தது. பணப்பையை அழகியமணவாளன் மடியில் செருகிக்கொண்டார். "மூலையில ஆஞ்சநேயர் சந்நிதி இருக்கு. அங்க வண்டிக்குப் பூஜை போட்டதும் கையில கொடுத்துடறேன். அம்மாவையும் கொழந்தைகளையும் ஏத்திண்டு போயிடலாம்."

அதோடு விட்டிருந்தால் சரி. "ஒருத்தர் பொழங்கின வண்டியோன்னோ, ஒரு தடவை ஜலம் விட்டு அலம்பிடுவோம்" என்று சொல்லி, வாசல் குழாயில் ரப்பர் டியூபை மாட்டினார். சுத்தம் என்றால் அவருக்கு முழுச் சுத்தம். கூரை, கதவு, சக்கரம் எல்லாம் அலம்பி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் டியூபின் வாயை அழுத்தி வண்டிக்கு அடியிலும் பீச்சினார்.

பெட்ரோலில் கரையாத சோப்பு தண்ணீரில் என்ன ஆகும் என்று துணி துவைக்கிற யாருக்கும் தெரியும். பிச்சமுத்து தைரியராஜைப் பார்த்தான். "போதுங்க, போதுங்க, துருப்பிடிச்சுரும்" என்று பதறினார் அவர். இருபது வருஷமாகத் துருவோடு குடித்தனம் நடத்தியவருக்கு அன்றைக்குத்தான் துருவின் மேல் பயம் வந்தது. வண்டிக்கடியிலிருந்து வந்த தண்ணீரில் வெள்ளையாக நுரை வந்தது.

"நன்னா நுரைக்கறதே, அவ்வளவு அழுக்கு!" என்று அழகியமணவாளன் சந்தோஷப்பட்டார்.

 பணப்பை அந்த மடியிலிருந்து இந்தக் கைக்கு வந்துவிட்டால் அப்புறம் சொல்லிவிடலாம் என்று பிச்சமுத்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இன்னும் கொஞ்ச நேரம்தானே.

சந்நிதி வாசலில் வண்டி நின்றது. பின் சீட்டில் அழகியமணவாளனின் அம்மாவும், பட்டுப்பாவாடை கட்டிய இரண்டு பெண் குழந்தைகளும். நல்ல நேரத்தில் உட்கார்ந்தவர்கள் பூஜை முடிகிறவரை இறங்கக்கூடாதாம். கதவு சாத்தியிருந்தது. அர்ச்சகர் மாலை போட்டுப் பொட்டு வைத்தார். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. திருஷ்டி சுற்றுவதற்காகக் கூலிக்கு வந்த ஆள், பூசணிக்காயின் தலையில் கற்பூரத்தை அடுக்கிக் கொளுத்தினான். கொழுந்துவிட்டு எரிகிற காயை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வண்டியின் முன்பக்கத்திலிருந்து சுற்றத் தொடங்கினான்.

பின்னால் நின்றிருந்த பிச்சமுத்துவுக்கு வாசம் அடித்தது. குனிந்து பார்த்தான். வண்டிக்கடியிலிருந்து சொட்டு விழவில்லை, நூலாகவே ஒழுகியது. தரையில் ஓடி, பூசணிக்காய்க்காரன் வரவேண்டிய வழியில் தேங்கிக்கொண்டிருந்தது. தைரியராஜும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைத் தூக்கி, தூரத்தில் தெரிந்த கோயில் கோபுரத்தை வாழ்க்கையில் அன்றுதான் முதன்முதலாகக் காண்பவர்போல அண்ணாந்து ரசிக்க ஆரம்பித்தார்.

கத்தினால் விற்பனை போச்சு. விற்பனை போனால் பாக்கி போச்சு. நாளைக்கும் மணல் சட்டிதான். அதை நினைக்கிற நேரத்துக்குள் பூசணிக்காய்க்காரன் பின் சக்கரத்துக்கு வந்துவிட்டான். கற்பூரத்தில் ஒரு துண்டு சரிந்து காயின் ஓரத்தில் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் சின்னப் பெண் அதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள்.

பிச்சமுத்து பாய்ந்து பூசணிக்காயைப் பிடுங்கினான். எரிகிற கற்பூரம் உள்ளங்கையில் ஒட்டியது. அப்படியே குறுக்கே ஓடி, எதிரே வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் வீசிவிட்டு, மேலே காலால் மணலைத் தள்ளினான்.

"யாருடா அவன்? திருஷ்டிக் காயைப் பிடுங்கிண்டு ஓடறான்!"

"குடிச்சிருக்கான்யா. பிடிங்க அவனை!"

"டேங்க் ஒழுகுதுய்யா! பெட்ரோலு! புள்ளைங்களை இறக்குங்க!" என்று அலறிக்கொண்டே திரும்பி ஓடிவந்தான். உள்ளே குழந்தைகள் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறக்கவில்லை. தைரியராஜ் சொன்ன சேஃப்டி அன்று ஒழுங்காக வேலை செய்தது. வெந்த கையாலேயே பிச்சமுத்து வெளியிலிருந்து திறந்து ஒவ்வொருவராக இழுத்துவிட்டான். பாட்டியம்மா கடைசியாக இறங்கினார்.

அழகியமணவாளன் தரையைத் தொட்டு விரலை முகர்ந்தார். கூட்டம் தானாகப் பின்வாங்கியது.

"இது என்ன?" என்று தைரியராஜைக் கேட்டார்.

"அது... ஏசித் தண்ணிங்க."

"ஏசி செத்துப்போச்சுன்னு கார்த்தாலதானே சொன்னேள்?"

தைரியராஜுக்கு மறுபடியும் கோபுரம் தேவைப்பட்டது.

"நான்தான் சாமி சோப்பு வச்சு அடைச்சேன், இவரு சொல்லி" என்றான் பிச்சமுத்து. "எனக்கு வரவேண்டிய பாக்கி இருக்கு. வண்டி வித்தாத்தான் குடுப்பேன்னாரு."

அழகியமணவாளன் அவனுடைய கையைப் பார்த்தார். அப்புறம் முகத்தைப் பார்த்தார். "உம்ம பாக்கிக்கு என் கொழந்தைகளாய்யா கெடச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். திட்டியிருந்தால் பிச்சமுத்து தாங்கியிருப்பான்.

மாலையும் பொட்டுமாக நின்ற வண்டியைத் தள்ள ஒருவரும் வரவில்லை. தைரியராஜ் பல்லைக் கடித்தார். "உன் காசு இதோட போச்சுய்யா. நீயே கெடுத்துக்கிட்ட. ஒத்தைப் பைசா வராது."

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து பழையபடி ஷெட்டில் நிறுத்தினார். அதற்குப் பிறகு பிச்சமுத்து பாக்கி கேட்டுப் போகவில்லை. தைரியராஜ் வீட்டு எதிரே இருந்த டீக்கடைக்குத்தான் போனான். கைப்புண் ஆறும்வரை வேலைக்கும் போக முடியாதே. கார் பார்க்க யார் வந்தாலும் எழுந்து போய் வணக்கம் சொல்லுவான். "டேங்க்ல கீறல் இருக்குங்க. பின்கதவு உள்ள இருந்து திறக்காதுங்க. பெல்ட்டு மாட்டாதுங்க. பாத்துட்டு நல்லபடியா போயிட்டு வாங்க." வந்தவர்கள் டீயைக்கூடக் குடிக்காமல் போனார்கள்.

"போலீசைக் கூப்பிடுவேன்" என்று தைரியராஜ் வாசலில் நின்று கத்தினார்.

"கூப்பிடுங்க சார். வர்றவரைப் பின் சீட்டுல உக்கார வச்சுக் கதவைச் சாத்துங்க. நான் வெளிய நின்னு விசாரணைக்கு ஒத்துழைக்கிறேன்."

டீக்கடை முழுக்கச் சிரித்தது. உள்ளேயிருந்து பேட்ரிசியா டீச்சரும் சிரித்தார். மறுநாள் அவரே போன் போட்டு, அரியமங்கலத்தில் பழைய இரும்பு எடுக்கிற கியாசுதீன் பாயை வரவழைத்தார்.

பாய் வண்டியைச் சுற்றி வரவில்லை. ஷெட் வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார். "இதுலயா சார் டீச்சரம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனீங்க? யா அல்லா! இது காரு இல்ல சார், சக்கரம் வச்ச ஸ்டவ்வு."

"என்ஜின் ராஜா மாதிரி இருக்கு பாய்."

"ராஜாவுக்கும் எடைக்குத்தான் வெல, சார்."

மற்ற வாடிக்கைக்காரர்களை டீக்கடையே விரட்டிவிட்டதால், பாய் சொன்னதுதான் விலை. அவருடைய ஆட்கள் முதலில் டேங்கைக் கழற்றி மிச்சமிருந்த பெட்ரோலை வடித்தார்கள். அப்புறம் கயிறு கட்டி வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

பாய் கொடுத்த நோட்டுகளைத் தைரியராஜ் எச்சில் தொட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போது, டீச்சர் பிச்சமுத்துவை டீக்கடையிலிருந்து கூப்பிட்டார்.

"பதிமூணாயிரமா வாங்கிக்கய்யா" என்றார் தைரியராஜ். "பிரஷ் கோடு இருந்துச்சுல்ல. அப்புறம் அந்தச் சோப்பு வேற நம்ம வீட்டு சோப்பு."

 டீச்சர் தைரியராஜின் கையிலிருந்த நோட்டுக்கட்டை அப்படியே பிடுங்கி, பதிமூவாயிரத்து எழுநூற்றைம்பதையும் பிச்சமுத்துவின் நல்ல கையில் எண்ணி வைத்தார். மிச்சத்தைப் புருஷனிடம் நீட்டினார். பெரிதாக ஒன்றும் இல்லை. இனிமேல் கோயிலுக்கு ஆட்டோவில் போகச் சில வாரங்களுக்குக் காணும்.

பிச்சமுத்து திரும்ப ஒருமுறை எண்ணினான். சரியாக இருந்தது. "பாக்கி தீந்துச்சு, டீச்சர்" என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு, பெயின்ட் கடை சாத்துவதற்குள் போய்ச்சேர வேண்டும் என்று வேகமாக நடந்தான்.