மேல்மாடிக்கு ஒரு சரவிளக்கு

கெய்ரோவில் கல்யாண வீட்டுக்காரர்கள் விளக்கு வாங்கப் போகும் தர்ப் அல்பராப்ரா சந்தில், அம்மா, அத்தை, நாத்தனார் என்று எல்லாரும் ஒரு பட்டாளத்தோடுதான் வருவார்கள். நான் தனியாகப் போனேன். யாரைக் கூப்பிட? புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே மகன் இஹாப் குவைத்தில். போன மாதம் நிக்காஹ் எழுதிய மருமகள் நெர்மினும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். கல்யாண விருந்து மட்டும் பெருநாளைக்கு இங்கே.

எங்களில் வீடு மாப்பிள்ளையின் பொறுப்பு. அதற்காகவே என் புருஷன் எங்கள் வீட்டுக்கு மேலே இன்னொரு மாடி கட்டிவிட்டுப் போனார். வாரம் ஒரு முறை நான்தான் திறந்து கூட்டுகிறேன். ஆளே இல்லாத வீட்டில் இத்தனை தூசி எங்கிருந்துதான் வருமோ! "வரவேற்பறைக்கு ஒரு பித்தளைச் சரவிளக்கு எடுத்து வைங்கம்மா" என்று இஹாப் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மகன் மேலே குடிவரப் போகிறான் என்று பக்கத்து வீட்டு சுஆதிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

கடைக்காரர் ஃபர்கலிக்கு வயிறு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். நான் பையிலிருந்து காந்தத்தை எடுத்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"அடடா, ஹாஜ்ஜா! காந்தத்தோடவா வந்தீங்க? என் மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"உங்க மேல நம்பிக்கை இருக்கு. உங்க விளக்கு மேலதான் இல்ல."

இரண்டு விளக்குகளில் காந்தம் பட்டென்று ஒட்டிக்கொண்டது. இரும்புக்குப் பித்தளை முலாம்! ஃபர்கலி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவதில் ஒட்டவில்லை. பன்னிரண்டு கிளை, நீளமான சங்கிலி. என் மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

"வீட்ல கூரை எவ்ளோ உசரம்?"

"மூணேகால் மீட்டர். நானே ஏணி போட்டு அளந்தேன்."

"அப்போ கண்ண மூடிட்டு எடுங்க, ஹாஜ்ஜா."

மகனைப் போனில் கூப்பிட்டு விளக்கைக் காட்டினேன்.

"நல்லாருக்கும்மா. ஆனா சங்கிலி வேணாம். கூரையோட ஒட்டினாப்ல சின்னதா ஒண்ணு பாருங்க."

"ஏன்டா, மசூதி மாதிரி உசரமா கட்டிட்டுப் போயிருக்கார் உங்கப்பா. அதுல போய் தட்டு மாதிரி ஒண்ண ஒட்டச் சொல்றியா?"

அவனுக்குப் பின்னாலிருந்து நெர்மினின் குரல் கேட்டது. "சொல்லிடுங்க, இஹாப்."

"இங்க கூரை தாழ்வும்மா."

"இங்கன்னா?"

"குவைத்துல. வீடு எடுத்துட்டோம். ரெண்டு பேருக்கும் வேலை இங்கதானே. விளக்கு மட்டும் நம்ம ஊரு பித்தளையா இருக்கட்டும்னு அவளுக்கு ஆசை. விருந்து முடிஞ்சு வர்றப்போ எடுத்துட்டு வந்துடுவோம். உங்ககிட்ட நேர்ல சொல்லலாம்னுதான்..."

"சரிப்பா. நல்லா இருங்க" என்று போனை வைத்துவிட்டேன். கடையில் அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அழக்கூட ஒரு மறைவில்லை. போகட்டும், மட்டமானதாக ஒன்றை எடுத்துக் கொடுப்போம் என்று ஒரு கணம் தோன்றியது. மனசு வரவில்லை. சங்கிலி இல்லாமல், ஆறு கிளை வைத்ததாக, நல்ல பித்தளையில் ஒன்றைத் தேடிப் பார்த்து எடுத்தேன்.

ஃபர்கலி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "பிள்ளைங்க அப்படித்தான், ஹாஜ்ஜா" என்றார்.

"உங்க பிள்ளைங்க எங்க?"

"மூணு பேரும் எங்க மாடியிலதான். தினம் சண்டை. காது வலிக்குது."

எனக்குப் பொறாமையாக இருந்தது. சொல்வதற்கென்ன வெட்கம்?

ரசீது எழுதும்போது அவர் கேட்டார்: "வீட்டுக்கு வந்து மாட்டித் தர்றது இனாம். ஆளை என்னைக்கு அனுப்பட்டும்?"

"மாட்டறதுக்கு என்ன இருக்கு? அது பெட்டியோட விமானம் ஏறப் போகுது."

"அப்போ ஆள் வேணாம்னு எழுதிடவா?"

அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இல்ல, அனுப்புங்க. வெள்ளிக்கிழமை, தொழுகை முடிஞ்சதும் வரச் சொல்லுங்க."

"வந்து என்ன செய்வான், ஹாஜ்ஜா?"

"சாப்பிடட்டும். முட்டைக்கோஸ் இலையில சோறு பொதிஞ்சு வேகவைக்கிறேன். என் ஒருத்திக்குன்னு அதச் செய்ய மனசு வரல."