வாஷிங்டனின் சமபந்தி

தண்டபாணிக்கு ஒரு கொள்கை இருந்தது. தலைவர் என்றால் ஏழையாகப் பிறக்க வேண்டும், தெருவிளக்கில் படிக்க வேண்டும், பெரிய ஆளானதும் வேலைக்காரர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இந்த மூன்றும் இல்லாத மனிதரைப் பற்றி இளைஞர்களுக்கு வாழ்க்கை வரலாறு எழுதுவது வெட்டி வேலை.

ஜார்ஜ் வாஷிங்டன் இந்த விஷயத்தில் கொஞ்சமும் ஒத்துழைக்கவில்லை. பண்ணையார் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்து தொலைத்திருந்தார். பதினோரு வயதில் அப்பா இறந்தபோது பையனின் பங்குக்கு வந்ததில் அடிமைகளும் உண்டு. அதற்காக ஆளை மாற்றவும் முடியாது. காந்தியிலிருந்து காமராசர் வரை எல்லோரையும் ஆக்லாந்துத் தமிழர்களில் யாராவது ஒருவர் எழுதி வெளியிட்டு, மிச்சப் பிரதிகளை கராஜில் அடுக்கியிருந்தார்கள். காலியாகக் கிடந்தது அமெரிக்காதான்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் சாஃப்ட்வேர் கோளாறுகளைச் சரிசெய்கிற தண்டபாணி, வாஷிங்டனையும் சரிசெய்தார். அன்றைய வர்ஜீனியாவில் தெருவிளக்கு கிடையாது என்று தெரிந்ததும் பையனை நிலா வெளிச்சத்தில் படிக்கவைத்தார். செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையைச் சொன்ன கதை பிற்காலத்தில் யாரோ கட்டிவிட்டது என்று படித்தார். பொய் சொல்லக் கூடாது என்ற நல்ல கருத்து அதில் இருந்ததால் விட மனம் வரவில்லை.

அடிமைகளை என்ன செய்வது என்றுதான் தடுமாறினார். கடைசியில் ‘பண்ணைக் குடும்பத்தினர்’ என்று பெயர் மாற்றினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏழாம் அத்தியாயத்தில் ஒரு சமபந்தியே வைத்தார். அறுவடை முடிந்த மாலை. வாஷிங்டன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பண்ணைக் குடும்பத்தினரோடு தரையில் அமர்ந்து, தன் கையாலேயே அவர்களுக்குச் சோளக் கூழ் ஊற்றினார். எழுதும்போது தண்டபாணிக்கே கண் கலங்கியது. அதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார்.

அவர் மகள் மஹதிக்குப் பதினாறு வயது. இங்கேயே பிறந்தவள். அந்த வருஷம் பள்ளியில் சரித்திரப் பாடத்துக்காக ஓனா ஜட்ஜ் என்ற பெண்ணைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். வாஷிங்டன் வீட்டு அடிமை அவள். அந்தக் குடும்பம் சாப்பாட்டு மேசையில் இருந்த நேரம் பார்த்துத் தப்பி ஓடியவள். ஜனாதிபதி ஆள் விட்டுத் தேடியும் பிடிபடாதவள்.

“நோ வே, அப்பா! யூ மேட் திஸ் அப்,” என்றாள், ஏழாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, அச்சுக்குப் போகும் முன்பே.

“சின்னப் பசங்க படிக்கிற புக்கும்மா. நல்லத மட்டும்தான் சொல்லணும்.”

“பட் இட்ஸ் எ லை.”

“உனக்குத் தமிழ் இலக்கிய மரபு தெரியாது,” என்றார் தண்டபாணி. அவருக்கு வேறு பதில் கிடைக்காதபோதெல்லாம் மரபு கைகொடுக்கும்.

வெளியீட்டு விழா மவுண்ட் ரோஸ்கில் சமூகக்கூடத்தில், சனிக்கிழமை மதியம். முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள அழைக்கப்பட்டவர் சுந்தரசாமி. ஃபிஜியிலிருந்து வந்தவர். ஹென்டர்சனில் அடிபட்ட கார்களை நிமிர்த்தும் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. மதியச் சாப்பாட்டுச் செலவை அவர் ஏற்றுக்கொண்டிருந்ததால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

தொகுத்து வழங்கியவர் யாழ்ப்பாணத்துக் கதிர்காமநாதன். ‘அமெரிக்க வரலாற்றையே தமிழுக்குத் தாரைவார்த்தவர்’ என்று அவர் தண்டபாணியை அறிமுகம் செய்தபோது, அமெரிக்க வரலாறு அந்தக் கூடத்தில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

நூலிலிருந்து ஒரு பகுதியை இளைய தலைமுறை வாசிக்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. இளைய தலைமுறையில் தமிழை எழுத்துக்கூட்டவாவது தெரிந்தவள் மஹதிதான். கெஞ்சிக் கூத்தாடி அவளைச் சம்மதிக்கவைத்து, ஏழாம் அத்தியாயத்தைக் கொடுத்திருந்தார் தண்டபாணி. அவள் அப்பாவைப் பார்க்காமல் படித்தாள். மருந்துச் சீட்டைப் படிப்பது போலப் படித்தாள். கூழ் ஊற்றும் இடத்தில் மட்டும் குரல் சற்று நின்று பிறகு போயிற்று. கூட்டம் அதை உணர்ச்சி என்று நினைத்துக் கைதட்டியது.

அடுத்து சுந்தரசாமி மைக்கைப் பிடித்தார். தண்டபாணி தன் ஏற்புரையின் முதல் வரியை மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

“எனக்குப் பேச வராது. எங்க தாத்தாவோட அம்மா, குப்பம்மா. வட ஆற்காட்டுல இருந்து கப்பல்ல ஃபிஜி போனாங்க. கரும்பு வெட்டறதுக்கு.” மைக்கைக் கை மாற்றினார். “கொழந்தைக்குப் பால் குடுக்க செத்த நேரம் உக்காந்தாங்கன்னு தோட்டத்துல தொரை சாட்டையால அடிச்சிருக்கான். அந்தத் தழும்ப எங்க தாத்தா பாத்திருக்காரு. இந்தப் பாப்பா படிச்சதும் எனக்குத் தாங்கல. இந்த வாஷிங்டன் மாதிரி ஒரு மொதலாளி அவங்களுக்குக் கெடச்சிருந்தா…”

சாட்டை என்ற சொல்லில்தான் தண்டபாணியின் உருட்டல் நின்றது. மேடையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பெரிய மனிதரைப் பார்த்தார். கீழே முதல் வரிசையில் மஹதி தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்டபாணிக்குக் காது மடல் எரிந்தது. தோளில் கிடந்த பொன்னாடை சட்டென்று கம்பளி மாதிரி கனத்தது.

ஏற்புரைக்கு எழுந்தார். உருட்டி வைத்த வரி எங்கோ ஓடிப்போயிருந்தது.

“இதுல… இந்த நூல்ல, பிழைகள் உண்டு. ஏழாம் அத்தியாயத்துல, வரலாறு அப்படியே இல்ல. என் கற்பனை கலந்திருக்கு. நான் இந்தப் பாராட்டுக்குத் தகுதியானவன் இல்ல.”

கைதட்டல் கூரையைத் தொட்டது.

“என்ன ஒரு தன்னடக்கம்! எப்பிடிக் கதைக்கிறார் பாருங்கோ!” என்றார் கதிர்காமநாதன்.

தண்டபாணிக்கு அங்கேயே ஒரு நிம்மதி வந்தது. சொல்லியாகிவிட்டது, கேட்காதது அவர்கள் பாடு. அந்த நிம்மதி எவ்வளவு மட்டமானது என்பது மேடையை விட்டு இறங்கும்போது தெரிந்தது. மஹதி எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டிருந்தாள்.

நன்றியுரை முடிந்து சாப்பாடு ஆரம்பித்தது. சுந்தரசாமி தட்டோடு ஓரமாக நின்றிருந்தார். தண்டபாணி அவரிடம் போனார்.

“அண்ணே, அந்தச் சமபந்தி நடக்கல.”

“எழுதறவங்க கொஞ்சம் கூட்டித்தான தம்பி எழுதுவாங்க.”

“கூட்டல அண்ணே. அது சுத்தப் பொய். அவங்க எல்லாரும் அடிமைங்க. கடைசில முந்நூறு பேருக்கு மேல இருந்தாங்க. ஒரு பொண்ணு தப்பிச்சு ஓடிச்சு, ஆள் விட்டுத் தேடினாரு.”

சுந்தரசாமி மெல்லுவதை நிறுத்தினார். “அடிச்சாங்களா?”

“அடிச்சாங்க.”

“ஒனக்கு இது தெரியுமா, எழுதறப்பவே?”

“தெரியும்.”

சுந்தரசாமி தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். “எங்க தாத்தாவோட அம்மா பேர நாங்க வீட்ல சும்மா எடுக்க மாட்டோம், தம்பி. இன்னிக்கி அத்தன பேர் முன்னால எடுத்து, அந்தாளு பக்கத்துல வெச்சுட்டேன்.”

“மன்னிச்சிடுங்கண்ணே.”

“எங்கிட்ட வந்து காதுல சொல்றியா? நான் காதுலயா சொன்னேன்?”

தண்டபாணி மறுபடி மேடை ஏறினார். மைக்கை அதற்குள் பெட்டியில் வைத்து மூடியிருந்தார்கள். கத்த வேண்டியிருந்தது.

“ஒரு நிமிஷம்! ஏழாம் அத்தியாயம் பொய். தெரிஞ்சே எழுதினேன். அவங்க குடும்பம் இல்ல, அடிமைங்க!”

“தண்டபாணி அண்ணை, ஓம், விளங்குது, வந்து சாப்பிடுங்கோ,” என்றார் கதிர்காமநாதன், வடையோடு. இரண்டு பேர் சிரித்தார்கள்.

பின்வரிசையிலிருந்து மஹதி எழுந்தாள். “ஹீ ஓன்ட் தெம். ஹீ ஹேட் தெம் விப்ட். மை டாட் நியூ, அண்ட் ஹீ மேட் இட் அப்,” என்றாள், தெளிவாக. வாஷிங்டன் அவர்களைச் சொத்தாக வைத்திருந்ததும், சாட்டையால் அடிக்கவைத்ததும், தெரிந்தே அப்பா கதை கட்டியதும் மூன்றே வாக்கியத்தில் முடிந்தது. தமிழில் சொன்னபோது அடக்கமாக இருந்தது, ஆங்கிலத்தில் சொன்னதும் உண்மையாகிவிட்டது. கரண்டிச் சத்தம்கூட நின்றது. எல்லாத் தலையும் மேடைப் பக்கம் திரும்பியது.

அந்த அமைதியில் சுந்தரசாமி மேடையருகே வந்தார்.

“எங்க தாத்தாவோட அம்மா பேரச் சொல்லு. அவங்களுக்கும் அந்தாளுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்.”

தண்டபாணி வாயைத் திறந்தார். பேர் வரவில்லை. சாட்டை ஞாபகம் இருந்தது, கரும்பு ஞாபகம் இருந்தது. அந்தப் பேர் சொல்லப்பட்ட நேரத்தில் அவர் மனசுக்குள் தன் ஏற்புரையின் முதல் வரியைக் கேட்டுக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்தார். அவள் எடுத்துக்கொடுக்கவில்லை.

மேடை விளிம்பில் குனிந்தார் தண்டபாணி. மெதுவாகக் கேட்கத்தான் நினைத்தார், ஆனால் அந்த அமைதியில் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

“அண்ணே… அவங்க பேர் என்ன?”