வினைக்கெட்டு

கடிதம் நான்காவது வரியில் நின்றுபோனது. முதல் மூன்று வரிக்கு இரண்டு வாரம் பிடித்தது. நான்காவது வரியில் ஒரே வார்த்தைக்கு ஒன்பது நாள் ஆகியும் முடியவில்லை. மெனக்கெட்டு. ரெண்டு சுழியா மூணு சுழியா, மெ குறிலா நெடிலா. நாள் தவறாமல் வாயில் வந்த வார்த்தைதான். எழுதிப் பார்த்தால் எதுவும் சரியாகத் தெரியவில்லை. நான் எழுத்துக் கற்றதே ஐம்பத்தாறு வயதில், கோயில் மண்டபத்தில் நீலாவதி டீச்சர் சனிக்கிழமை நடத்தும் வகுப்பில்.

வேறு வார்த்தை போட்டிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. என் மகள் திலகா கோலா தெர்லா ஊரில் ஹரோல்டைக் கட்டிக்கொண்டபோது, "சர்ச்சுக்கு வந்துட்டுப் போங்கப்பா" என்று போன் பண்ணினாள். "வேல மெனக்கெட்டு அங்கெல்லாம் வர முடியாது" என்றேன். மூன்று வருசமாகப் பேச்சில்லை. அதனால் அந்த வார்த்தையையேதான் எழுத வேண்டும். அன்றைக்கு மெனக்கெட்டு வர முடியாது என்றேன், இப்போது மெனக்கெட்டு வருகிறேன். சொல்ல இருந்தது அவ்வளவுதான்.

தேயிலைக் கொழுந்து வெட்டும் மெசினை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஒரு முனை நான், மறுமுனை சுகுமாரன். செவ்வாய்க்கிழமை என் பக்கம் தாழ்ந்து, கத்தி செடியின் கட்டை வரைக்கும் இறங்கிவிட்டது.

"கொழுந்து வெட்டச் சொன்னா வெறகு வெட்டுறியேண்ணே," என்றான். "என்ன, ரெண்டாங் கல்யாணமா?"

"திலகாவுக்குக் கடிதம் எழுதுறேன் லா. ஒரு வார்த்த சிக்கல்."

"ஒரு வார்த்தைக்கா இம்புட்டு மெனக்கெடுற?" மெசினை அணைத்தான். "வியாழக்கிழம அவங்க வீட்டுக்குச் சாமான் ஏத்த லோரி வருது. ஹரோல்டுக்கு ஜோகூர்ல வேல கெடச்சிருச்சு. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது.

அன்று சாயங்காலமே டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவள் ஒரு தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதிக் காட்டினாள். "வினைக்கெடு. இதுதான் பேசிப் பேசி மெனக்கெடு ஆயிடுச்சு, அங்கள். வினைன்னா வேலை. கையில உள்ள வேலை கெட்டாலும் போவுதுன்னு ஒண்ணுலயே நிக்கிறது. நீங்க மெனக்கெடுன்னே எழுதுங்க, தப்பில்ல."

அப்படியானால் வேல மெனக்கெட்டு என்று நாங்கள் சொல்வதில் வேலை இரண்டு தடவை கெடுகிறது. என் வேலை ஒரு தடவைகூடக் கெட்டதில்லை. மனைவி மணியம்மா செத்த மூன்றாம் நாள் நான் மலையில் வேலையில் இருந்தேன். அதைப் பெருமையாகவே சொல்லி வந்திருக்கிறேன்.

மெனக்கெட்டு பேச்சு வார்த்தை, வினைக்கெட்டுதான் எழுத்து என்று எனக்குப் பட்டது. அதையே போட்டுக் கடிதத்தை முடித்தேன்.

வியாழக்கிழமை காலையில் கங்காணியிடம் சொல்லவில்லை. சுகுமாரனிடமும் சொல்லவில்லை. ரிங்லெட் டவுனில் ஒரு காய்கறி லோரியில் ஏறினேன். கோலா தெர்லாவில் இறங்கியபோது வீட்டுச் சாமான்கள் பாதிக்கு மேல் ஏறியிருந்தன. "வாங்க மாமா," என்ற ஹரோல்ட், அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் கயிற்றை இழுத்துக் கட்டினான்.

திலகா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினாள். நின்றபடியே படித்தாள். விரல் நான்காவது வரியில் நின்றது.

"வினை கெட்டுன்னா என்ன?" முகம் இறுகியிருந்தது. "எங்க வினையா? சாமிய மாத்திக் கட்டுனதால வந்த வினையா?"

"அதில்ல. வினைன்னா..." டீச்சர் சொன்னது தொண்டை வரைக்கும் வந்தது. பாடம் நடத்துவதுபோல் அர்த்தம் சொன்னால் இன்னும் மோசமாகிவிடும் என்று தோன்றியது.

"மெனக்கெட்டும்மா," என்றேன். "மெனக்கெட்டு வந்திருக்கேன். யார்கிட்டயும் சொல்லல. மெசின் அங்க சும்மா கெடக்கு."

அவள் மறுபடியும் தாளைப் பார்த்தாள். அந்த வார்த்தையை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். பிறகு லோரியின் பின்பக்கம் ஏறி, கட்டிய கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"நேரமாவுது லா," என்றான் ஹரோல்ட். அவள் திரும்பவில்லை. மெத்தைக்கு அடியில் செருகியிருந்த நாற்காலி ஒன்றை இழுத்துக் கீழே இறக்கினாள். சேற்றில் ஒரு கால் புதைந்தது. தூக்கி, கொஞ்சம் தள்ளி, காய்ந்த இடமாகப் பார்த்து என் பக்கத்தில் வைத்தாள்.