மூன்று நாள் முந்தி வரும் பூட்ஸ்

அந்தத் தெருவில் போலீஸ் வருவதற்கு மூன்று நாள் முன்பே வாசலில் பூட்ஸ் தடம் விழுந்துவிடும். ஈரத்தடம், தேய்த்தாலும் போகாது. ஸ்டேஷனில் கம்ப்யூட்டர் வைத்த வருஷம் ஆரம்பித்தது இது. எந்த வீட்டில் என்றைக்கு அடிதடி வரும் என்று அது சொல்லும்; பூட்ஸ் முந்திக்கொண்டு கிளம்பிவிடும்.

அந்தக் கம்ப்யூட்டருக்குத் தீனி போட்டவள் இஸ்திரிக்காரம்மா. துணி வாங்கப் போகிற வீடுகளில் காதில் ஏதாவது விழாமல் இருக்குமா? சனிக்கிழமைதோறும் ஸ்டேஷனிலிருந்து ஏட்டம்மா வந்து பெஞ்சில் உட்காருவாள். "விழுந்ததைச் சொல்லுங்கக்கா. யார் பேரும் வெளிய வராது. ஒரு பொம்பளை அடி வாங்காம இருந்தா போதும்ல?" போதும்தான். முதல் வருஷமே பால்காரர் ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது, வாசலில் ஏட்டம்மா நின்றதால். அவர் மனைவி வந்து இஸ்திரிக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள்.

ஊரார் வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டுத் தன் வீட்டை மூடிவைப்பது இஸ்திரிக்காரம்மாவுக்கு நியாயமாகப் படவில்லை. ஒரு சனிக்கிழமை, தங்கச்சியிடம் சொல்கிற மாதிரி, "ஒர்க்‌ஷாப் வேலை போனதுலேர்ந்து என் மகன் முகம் கொடுத்துப் பேசறதில்ல. நேத்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுட்டான்" என்றாள். ஏட்டம்மா 'உச்'சுக் கொட்டிக்கொண்டே போனில் தட்டிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை தடம் இவள் வாசலில்.

"அடியே, அது நான் உன்கிட்ட அழுததுடி!"

"நான் என்னக்கா செய்ய? மெஷின் சொல்லுது." 'அக்கா' என்று கூப்பிடுவது மட்டும் அன்றைக்கும் குறையவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு பேர் வந்தார்கள். மகன் யாருடையதோ ஃபேனைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். "அவன் ஒண்ணும் பண்ணலியேய்யா" என்றாள். "பண்ணிடக் கூடாதுன்னுதாம்மா வந்திருக்கோம்" என்று காகிதத்தை வாசித்தார்கள். தட்டு விஷயம் வந்தது. தட்டு விழுந்தபோது வீட்டில் இருந்தது இரண்டே பேர். அவன் போலீஸைப் பார்க்கவில்லை.

"நீயாம்மா?"

கூட்டிக்கொண்டு போனவர்கள் இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். அவன் பையோடு கிளம்பினான், சொல்லிக்கொள்ளாமல். ஐந்து வருஷத்தில் நாலு ஊர் மாறினான் என்றும், எங்கே வாடகைக்குப் போனாலும் தடம் முன்னாடியே போய் நிற்கிறது என்றும் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்.

ஏட்டம்மா இன்னும் சனிக்கிழமை வருகிறாள். "காது அடைச்சுப்போச்சும்மா" என்று இவள் சட்டையைத் திருப்பிப்போடுகிறாள். மூன்றாம் வீட்டில் பால்காரர் கை மறுபடி இறங்குவது கேட்கத்தான் செய்கிறது.

வாசல் தடம் அப்படியே இருக்கிறது. துணி கொண்டுவரும் புது ஆட்களிடம், படியில் கல் பெயர்ந்திருக்கிறது என்பதுபோலச் சொல்வாள்: "பார்த்து வாங்க, அங்க பூட்ஸ் நிக்குது." அவர்களும் ஒதுங்கி வருவார்கள்.